குல்லு மலையில் ஆறு இரவு: கரடி நடமாடும் காட்டுக்கு இங்கிருந்து எப்படித் தயாராவது?

சில்வர்பீச்_நடை (கடலூர்)

வணக்கம். அக்டோபர் முதல் வாரம் நாலு பேர் இமாச்சலத்துல இருக்குற கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவுக்குப் போறோம். குஷைனியில ஆரம்பிச்சு ரோலா, சலோச்சா, நாடா வழியா தீர்த்தன் ஆறு பிறக்குற தீர்த் வரைக்கும். ஆறு இரவும் கூடாரம்தான். மூணு பேர் கடலூர், ஒருத்தர் வில்லியனூர். எல்லாரும் நடக்குறவங்க, ஆனா யாரும் 2,500 மீட்டருக்கு மேல தூங்கினதில்லை. வழிகாட்டி ஒருத்தர், சுமை தூக்க ஊர்க்காரங்க ரெண்டு பேர் ஏற்பாடு செய்யப்போறோம்.

சாப்பாட்டுக்கு இப்போதைய பட்டியல்: பச்சரிசி 6 கிலோ, புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, நல்லெண்ணெய், நெய் அரை லிட்டர், நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, பண்ருட்டி முந்திரி 2 கிலோ, நூடுல்ஸ்.

கேள்விகள்: சாப்பாட்டைக் கூடாரத்துக்குள்ள வெச்சுக்கலாமா? மிளகு ஸ்ப்ரே வாங்கிட்டுப் போகலாமா? லட்சுமி வெடி நாலு எடுத்துப்போனா கரடியை விரட்ட உதவுமா? எந்தப் பயிற்சியில இருந்து ஆரம்பிக்கணும்?

கெடிலக்கரை

தம்பி, எந்தக் கரடின்னு முதல்ல தெளிவாகிடுவோம். மத்ததெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

நம்ம தமிழ்நாட்டு மலைகள்ல இருக்குறது கறையான் புற்றைத் தோண்டித் தின்னுற கரடி. நீங்க போற உயரத்துல அது கிடையாது. அங்க ரெண்டு வகை. காடு இருக்குற வரைக்கும், அதாவது ஏறத்தாழ 3,300 மீட்டர் வரை, இமயக் கருங்கரடி. நெஞ்சில பிறை மாதிரி வெளிர்நிறப் பட்டை இருக்கும். மரம் முடிஞ்சு புல்வெளி ஆரம்பிக்குற இடத்துக்கு மேல இமயப் பழுப்புக் கரடி. ரெண்டுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. ஊர்க்காரங்க ‘ரீச்’ம்பாங்க, இல்லன்னா ‘பாலூ’ம்பாங்க. இந்த ரெண்டு சொல்லும் காதுல விழுந்தா நின்னு கேளுங்க.

எல்லாரும் மேல இருக்குற பழுப்புக் கரடியை நெனச்சுத்தான் பயப்படுவாங்க. நான் சொல்றது, கீழ இருக்குற முதல் ரெண்டு நாளும் இறங்குற கடைசி நாளும்தான் அதிகக் கவனம் வேணும். புல்வெளியில அரைக் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கரடி இருந்தாலும் கண்ணுல பட்டுடும், சுத்திப் போயிடலாம். கீழே ஓக் மரமும் புதரும் மூங்கிலும் அடர்ந்த இடத்துல இருபது மீட்டர்ல நின்னாலும் தெரியாது. பக்கத்துலயே ஆறு இரைச்சலா ஓடும், நீங்க வர்ற சத்தம் கரடிக்கும் கேக்காது. அக்டோபர்ல வேற, குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னாடி உடம்புல கொழுப்பு சேர்க்குறதுக்காகக் கருங்கரடி நாள் முழுக்கத் தின்னுட்டே இருக்கும். ஓக் விதை, அக்ரூட் (வால்நட்) கொட்டை, ஊரோரச் சோளக்காடு, ஆப்பிள் தோட்டம் எல்லாத்துலயும் இறங்கும்.

அடையாளங்கள்: ஓக் மரத்து உச்சியில கிளைகளை ஒடிச்சு மடக்கிக் கழுகுக்கூடு மாதிரி ஒரு மேடை தெரிஞ்சா, கரடி அங்க உக்காந்து விதை தின்னிருக்கு. இலை இன்னும் பச்சையா இருந்தா ரொம்பச் சமீபத்துல. மரப்பட்டையில அஞ்சு கோடாக் கீறல், விதைத்தோல் நிறைஞ்ச சாணம். மேலே புல்வெளியில கல்லெல்லாம் புரட்டிக் கிடக்கும், புல்லோட வேரைத் தோண்டின பள்ளம் இருக்கும். இப்படிப் புதுசா எதைப் பார்த்தாலும் அந்த இடத்துல கூடாரம் போடாதீங்க.

நடக்கும்போது நாலு பேரும் வழிகாட்டியும் ஒண்ணா. ஒருத்தர் முன்னாடி போய் உக்காந்துட்டு இருக்குற பழக்கம் வேண்டாம். திருப்பம், ஓடைக்கரை, எதிர்க்காத்து இந்த மூணுலயும் சத்தமாப் பேசுங்க, கை தட்டுங்க. பையில சின்ன மணி கட்டுறது பிரயோஜனப்படாது, ஆத்துச் சத்தத்துல அது எடுபடாது. மனுசக் குரல்தான் தூரம் போகும். காதுல ஒலிப்பான் மாட்டிட்டு யாரும் நடக்கக் கூடாது. விடியறதுக்கு முன்னாடியும் பொழுது சாயற நேரத்துலயும் காட்டுப்பாதையில இருக்காத மாதிரி நாளைப் பிரிச்சுக்குங்க. ஏழு மணிக்குக் கிளம்பி மூணு மணிக்குள்ள முகாம் போட்டுடணும்.

பாகூர்க்காரி

சாப்பாட்டுப் பட்டியலைப் பத்தி நான் சொல்றேன்.

கருவாட்டுத் தொக்கு வேண்டாம், தம்பி. கரடியோட மோப்பம் நாயைவிடக் கூர்மையானது. பாட்டிலை எத்தனை சுத்து சுத்தினாலும் ஒரு தடவை திறந்து சோத்துல பிசைஞ்சா கை, தட்டு, சட்டை, கழுவின தண்ணி எல்லாத்துலயும் அந்த மணம் ஒட்டிக்கும். மூணு நாளுக்குப் போகாது. மலையில இருந்து இறங்கி வந்த அன்னிக்குச் சாப்பிட ஊர்லயே வெச்சுட்டுப் போங்க.

பச்சரிசி 6 கிலோவும் சரிப்படாது. 300 மீட்டர் ஏறினா தண்ணி கொதிக்குற வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி குறையும். 3,500 மீட்டர்ல 88 டிகிரிக்குப் பக்கத்துலயே கொதிச்சுடும். சோறு வெளியே குழைஞ்சு உள்ளே நடுவுல அரிசியா நிக்கும், எரிவாயு மட்டும் தீரும். குக்கர் தூக்க ஆள் இருக்காங்கன்னா 3 லிட்டர் குக்கர் ஒண்ணு எடுத்துக்கிட்டு ரெண்டு நாளைக்கு மட்டும் அரிசி வெச்சுக்குங்க. மத்த நாளுக்கு வேக வேண்டாத, இல்லன்னா மூணு நிமிசத்துல வேகுற பொருளா இருக்கட்டும்: கெட்டி அவல், வறுத்த சேமியா, உலர்ந்த அரிசி சேவை, வறுத்த ரவை, சத்துமாவு.

அளவு: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 650 கிராம் உலர் பொருள். முந்திரி, வேர்க்கடலை, நெய் எல்லாம் கலந்தா 100 கிராமுக்குச் சராசரி 450 கலோரி வரும், அப்போ ஒரு நாளைக்கு 2,900. நாலு பேர், ஏழு நாள்: 18 கிலோ சொச்சம். வழிகாட்டிக்கும் சுமைக்காரங்களுக்கும் தனிக் கணக்கு. அவங்க மாவும் பருப்பும் அங்கேயே வாங்கிக்குவாங்க, அதையும் முன்கூட்டியே பேசிக்குங்க.

காலையில ஆளுக்கு அவல் 80, வெல்லத்தூள் 30, முந்திரி 30, பால்பொடி 20 கிராம். வெந்நீர் ஊத்தி மூடி வெச்சா அஞ்சு நிமிசம். நடக்கும்போது கடலை மிட்டாய், பொரிகடலை, பேரீச்சை சேர்த்து 200 கிராம், அதை மூணு வேளையாப் பிரிச்சு வாயில போட்டுட்டே போறது. ராத்திரி சேமியா, இல்லன்னா சேவை 120 கிராம், புளிக்காய்ச்சல் ரெண்டு ஸ்பூன், வேர்க்கடலை 40. மிச்சம் சத்துமாவு, சூப்புப் பொடி, தேநீர், சர்க்கரை.

புளிக்காய்ச்சலை எண்ணெய் குறைச்சு நல்லா வத்த விட்டு ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக் கட்டுங்க. ஒரே பாட்டில்னா தினமும் திறக்கணும், விளிம்புல வழியும். பொடிக்கும் அதேதான். ஒவ்வொரு நாள் சாப்பாட்டையும் தேதி எழுதின ஒரு ஜிப் பையில போட்டு, அதை இன்னொரு ஜிப் பைக்குள்ள போடுங்க. அன்னிக்கு அந்த ஒரு பையை மட்டும்தான் எடுப்பீங்க, மத்த ஆறு நாள் மணமும் அடங்கியே இருக்கும்.

தேங்காய் எண்ணெய் எடுத்துப் போறதா இருந்தா விட்டுடுங்க. 24 டிகிரிக்குக் கீழே உறைஞ்சு கல்லாகிடும், தலையில தேச்சா மணம் வேற. நல்லெண்ணெய் உறையாது.

செஞ்சிப்படி

வெடி, ஸ்ப்ரே இரண்டுக்கும் பதில்.

வெடி கூடவே கூடாது. விமானத்திலும் ரயிலிலும் ஏற்ற முடியாது. வனவிலங்குச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, காப்பிடங்களுக்குள் விலங்குகளுக்குத் தீங்கு தரக்கூடிய வெடிபொருளைப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். சட்டத்தை விட்டுவிட்டாலும், இருபது மீட்டரில் குட்டியோடு நிற்கும் தாய்க் கரடிக்குப் பக்கத்தில் வெடி வைத்தால் அது எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பக்கமாகவும் ஓடலாம்.

இங்கே கடைகளில் கிடைக்கும் மிளகு ஸ்ப்ரே, மனிதர்களிடமிருந்து தற்காத்துக்கொள்ளச் செய்த சிறிய குப்பி. இரண்டு மூன்று மீட்டர்தான் பாயும், அதுவும் மெல்லிய தாரையாக. அமெரிக்காவில் கரடி ஸ்ப்ரேவுக்கு என்று தனி விதி உண்டு: குறைந்தது 225 கிராம் கொள்ளளவு, குறைந்தது 25 அடி தூரம், ஆறு நொடி தொடர்ந்து பீய்ச்ச வேண்டும், மேகமாகப் பரவ வேண்டும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு பொருள்கள். எந்த ஸ்ப்ரேயாக இருந்தாலும் விமானத்தில் கைப்பையிலும் ஏறாது, சரக்குப் பெட்டியிலும் ஏறாது. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்து தருவார்கள் என்று திட்டமிடாதீர்கள்.

ஸ்ப்ரே வைத்திருப்பவர்கள் செய்யும் இன்னொரு தவறு, கொசு மருந்து போலக் கூடாரத்தின் மேல் அடித்து வைப்பது. காய்ந்த மிளகாய்ச் சாறு கரடியை விரட்டாது. அந்த வாசனை என்னவென்று பார்க்க அது கிட்ட வரும்.

வில்லியனூர்_வெயில்

ஒரு சந்தேகம். இணையத்துல எங்க பார்த்தாலும், பழுப்புக் கரடின்னா குப்புறப் படுத்துச் செத்த மாதிரி கிட, கருங்கரடின்னா திருப்பி அடின்னு போட்டிருக்கு. கருங்கரடிதான் அதிகம்னு அண்ணன் சொல்றாரு. அப்போ தடி எடுத்துட்டுப் போனா போதுமா?

கெடிலக்கரை

இந்த இழையில இதுதான் முக்கியமான கேள்வி, நல்ல வேளை கேட்டீங்க.

அந்த அறிவுரை வட அமெரிக்காவுக்கு. அங்க ‘கருங்கரடி’ன்னா அமெரிக்கக் கருங்கரடி. அது தனி இனம், பெரும்பாலும் பயந்த சுபாவம், விரட்டினா மரத்துல ஏறிடும். நம்ம இமயக் கருங்கரடி ஆசியக் கருங்கரடி இனத்தைச் சேர்ந்தது. நிறம் ஒண்ணு, குணம் வேற. திடீர்னு நெருக்கத்துல எதிர்ப்பட்டா விலகிப் போறதுக்குப் பதிலா அடிச்சுட்டு ஓடுற வழக்கம் இதுக்கு உண்டு. ரெண்டு காலையும் ஊன்றி எழுந்து முகத்தையும் தலையையும் குறிவெச்சு அடிக்கும். காஷ்மீர்ல கரடி தாக்கி மருத்துவமனைக்கு வர்றவங்களுக்குப் பெரும்பாலும் முகத்துலயும் தலையிலயும்தான் காயம். அதனால அந்த அமெரிக்க வாய்ப்பாட்டை இங்க அப்படியே கொண்டுவந்தா ஆபத்து.

ஆசியக் கருங்கரடி அதிகமா இருக்குற ஜப்பான்ல சுற்றுச்சூழல் அமைச்சகம் சொல்றதைப் பின்பற்றுங்க: தாக்குதல் தவிர்க்க முடியாதுன்னு ஆனா குப்புறப் படுத்து முகத்தையும் வயித்தையும் தரையோட ஒட்டிக்கணும், ரெண்டு கையாலயும் பிடரியையும் தலையையும் மூடிக்கணும். முதுகுப் பையைக் கழட்டாதீங்க, அதுதான் கவசம். புரட்டினா உருண்டு மறுபடி குப்புற வந்துடுங்க. பெரும்பாலும் தாக்குதல் சில நொடிதான். அது போனதுக்கு அப்புறமும் உடனே எந்திரிக்காதீங்க.

அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வரிசை இருக்கு. தூரத்துல பார்த்தா, அது உங்களைப் பார்க்கலைன்னா, வந்த வழியே சத்தமில்லாம பின்வாங்குங்க. பார்த்துடுச்சுன்னா தாழ்ந்த குரல்ல பேசுங்க, கையை மெதுவா அசைங்க. மனுசன்னு அதுக்குத் தெரியணும். நாலு பேரும் தோளோட தோள் சேர்ந்து நில்லுங்க. சேர்ந்து நிக்குற கூட்டத்தைக் கரடி தாக்குறது ரொம்ப அரிது, சிதறினாத்தான் ஒருத்தர் மாட்டுவார். முதுகைக் காட்டாம ஒவ்வொரு அடியாப் பின்னால போங்க. ஓடக் கூடாது. கரடி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துல ஓடும், சரிவுல இறங்கவும் அதுக்குத் தயக்கம் கிடையாது. மரத்துல ஏறுறதும் வீண், கருங்கரடி உங்களைவிட நல்லா ஏறும். சில சமயம் வேகமாப் பாய்ஞ்சு வந்து பத்து மீட்டர்ல நின்னு திரும்பிடும். அது மிரட்டல் பாய்ச்சல். நின்ன இடத்துலயே நிக்குறதுதான் அதுக்குப் பதில். குட்டி தனியாத் தெரிஞ்சா தாய் பக்கத்துலதான் இருக்கும். படம் எடுக்கக் கைப்பேசியைத் தேடாம அந்த இடத்தை விட்டு விலகுங்க.

இருட்டுல பசியோட கூடாரத்தைக் கிழிக்குற கரடி வேற கதை. அப்போ படுத்துக் கிடக்காதீங்க. தட்டு, குக்கர் மூடி எல்லாத்தையும் அடிச்சு, விளக்கை நேரா அடிச்சு, நாலு பேரும் கத்தணும், தேவைப்பட்டா தடியாலயும் அடிக்கணும். அது தற்காப்புக்கு வரல, சாப்பாட்டுக்கு வந்திருக்கு. இந்த நிலைமை வராம இருக்கத்தான் சாப்பாட்டை வெளியில வைக்கச் சொல்றோம்.

பாகூர்க்காரி

அதோட நாய்களையும் சேர்த்துக்குங்க. அக்டோபர்ல ‘கத்தி’ங்கிற மலையின இடையர்கள் ஆட்டு மந்தையை மேலேர்ந்து கீழ ஓட்டிட்டு வருவாங்க. காவல் நாய்களுக்குக் கழுத்துல முள்ளுப் பட்டை போட்டிருப்பாங்க. மந்தையை நோக்கி நேரா நடந்தா நாய் கடிச்சுடும். நூறு மீட்டர்ல நின்னு இடையரைக் கூப்பிடுங்க, அவர் நாயை அடக்கினப்புறம் கடந்து போங்க. மந்தைக்குப் பக்கத்துல கூடாரம் போட்டா கரடி வராதுன்னு சிலர் நினைப்பாங்க. பழுப்புக் கரடி ஆட்டுக்காகத்தான் அங்க வரும். செத்த ஆடு கிடந்தா, காக்கை கழுகு வட்டமிட்டா, அந்தப் பள்ளத்தாக்கையே தவிர்த்துடுங்க.

உப்பாறு_பொறி

சாப்பாடு வைக்குற இடம் பத்தி. கூடாரத்துக்குள்ள கூடாது. கடலை மிட்டாய் ஒண்ணுகூட.

அமெரிக்காவுல கெட்டியான திருகுமூடிக் கரடிப்பெட்டி விக்குது. 11.5 லிட்டர் பெட்டி ஒண்ணு 1.16 கிலோ, ஒரு ஆளோட ஏழு நாள் சாப்பாடு அதுல அடங்கும். இங்க எளிதாக் கிடைக்காது, நாலு வாங்கினா செலவும் அதிகம். உங்களுக்குச் சுமைக்காரங்க இருக்குறதால வேற வழி இருக்கு: உணவுத் தர ஹெச்.டி.பி.இ (கெட்டி பிளாஸ்டிக்) டிரம், ரப்பர் வளையம் வெச்ச மூடி, இரும்புக் கவ்வு வளையம். 18 கிலோ உலர் உணவு ஏறத்தாழ 35 லிட்டர் பிடிக்கும், ஆக 20 லிட்டர் டிரம் ரெண்டு. புதுசா வாங்குங்க. நம்ம ஊர்ல பழைய நீல டிரம் மலிவாக் கிடைக்கும், ஆனா ரசாயன ஆலையில இருந்து வந்ததா இருக்கலாம். பத்து தடவை கழுவினாலும் பிளாஸ்டிக் உள்ள இழுத்தது வெளிய வராது. சாப்பாட்டுக்கு அது ஆகாது.

சோதனை: டிரம்முக்குள்ள கொஞ்சம் பெருங்காயம் போட்டு மூடி ஒரு ராத்திரி அறையில வைங்க. காலையில உள்ள நுழையும்போது மணம் வந்தா வளையம் சரியில்லை.

இந்த டிரம் கரடியால உடைக்க முடியாததுன்னு நெனச்சுடாதீங்க. மணத்தை அடக்குறதும், கண்டுபிடிச்சாலும் உடனே திறக்க முடியாம இழுத்தடிக்கிறதும்தான் அதோட வேலை. அதனால எங்க வைக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம். தூங்குற இடம், சமைக்குற இடம், டிரம் வைக்குற இடம் மூணும் முக்கோணம் மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நூறு மீட்டர். காத்து கூடாரத்துல இருந்து சமையல் பக்கம் வீசணும். மலையில ராத்திரிக் காத்து பள்ளத்தாக்குல கீழ்நோக்கி இறங்கும், அதனால கூடாரம் மேல, சமையல் கீழ. டிரம்மை ரெண்டு பாறைக்கு நடுவுல சொருகி வைங்க. ஓடைக்கரையிலயும் சரிவு விளிம்புலயும் வேண்டாம், உருட்டி விட்டா போச்சு. மூடியில ரெண்டு எவர்சில்வர் தட்டை அடுக்கி வெச்சா, ஆடும்போது சத்தம் கேக்கும்.

காட்டுப் பகுதியில இருக்குற முதல் முகாம்கள்ல கட்டித் தொங்கவும் விடலாம். ஒரு கிளையில கயித்தைப் போட்டு இழுத்துக் கட்டினா போதும்.

செஞ்சிப்படி

கடைசி வரியைத் திருத்த வேண்டும். ஒரு கிளையில் தொங்கவிடுவது மரமேறாத விலங்குக்குத்தான் சரிவரும். ஆசியக் கருங்கரடி கிளை நுனி வரை போய் ஒடிக்கும், ஓக் உச்சியில் மேடை கட்டுகிற விலங்கு அது. தேவதாரு மரத்தில் கிளை படிந்தாற்போல நெருக்கமாக இருக்கும், கயிறு சிக்கிக்கொள்ளும்.

இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டுங்கள். குறைந்தது 6 மீட்டர் இடைவெளி உள்ள இரண்டு மரங்கள். 6 மி.மீ நைலான் கயிறு 30 மீட்டர், அதோடு 15 மீட்டர் இன்னொன்று. துறைமுகம் பக்கம் வலைக்கடைகளில் கிடைக்கும் பின்னல் கயிறு போதும், முறுக்குக் கயிறு முடிச்சில் வழுக்கும். சிறு பையில் கல்லைப் போட்டு முதல் கயிற்றை இரு மரத்திலும் ஆறு மீட்டர் உயரத்தில் கடத்தி இறுக்குங்கள். நடுவில் ஒரு கொக்கி, அதன் வழியாக இரண்டாவது கயிறு, அதில் சாப்பாட்டுப் பை. பையின் அடி தரையிலிருந்து 4 மீட்டர், இரு பக்க மரத்திலிருந்தும் 2 மீட்டருக்குக் குறையாமல். 10 கிலோ ஏற்றினால் கயிறு ஒரு மீட்டராவது தொய்யும், அதை முன்பே கணக்கிடுங்கள். பகல் வெளிச்சத்தில் கட்டி முடியுங்கள். இருட்டில் கல்லை எறிந்து யாராவது தலையில் வாங்கிக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது.

உப்பாறு_பொறி

சரிதான், ஏத்துக்கிறேன். ரெண்டு மரம் கிடைக்கலைன்னா டிரம்மைத் தரையிலயே வைங்க.

எரிவாயுக் கணக்கும் சொல்லிடுறேன். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 7 லிட்டர் தண்ணி காய்ச்சணும். குளிர், காத்து எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 15 கிராம்னா ஒரு நாளைக்கு 105, ஆறு நாளைக்கு 630 கிராம். 230 கிராம் உருளை மூணு போதும், ஒண்ணு கூடுதலா நாலு. வாங்கும்போது ஐசோபியூட்டேன் கலந்ததான்னு பாருங்க. வெறும் பியூட்டேன் 0 டிகிரி பக்கத்துல ஆவியாகாது, விடியக்காலையில அடுப்பு முனகிட்டே இருக்கும். விமானத்துல ஏறாது, ரயில்லயும் கூடாது. டெல்லி இல்லன்னா மணாலியில வாங்குங்க. உருளையைக் காலையில பத்து நிமிசம் ஜாக்கெட்டுக்குள்ள வெச்சு அப்புறம் பத்தவைங்க. கூடாரத்துக்குள்ள அடுப்பு மூட்டாதீங்க, கரியமில வாயுவைவிட மோசமான கார்பன் மோனாக்சைடு சேரும், மணமே தெரியாது. விறகுத் தீ மூட்டுற எண்ணம் இருந்தா அதையும் விட்டுடுங்க.

மருந்துப்பெட்டி (புதுச்சேரி)

கரடியைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள். கடல் மட்டத்திலிருந்து போகிற உங்களுக்கு உயர நோய்தான் வர வாய்ப்பு அதிகம்.

3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு. ரோலா சுமார் 2,100 மீட்டர். அங்கிருந்து அவசரப்படாதீர்கள். உங்கள் திட்டத்தில் ஓய்வு நாளே இல்லை. நாடாவில் ஒரு நாள் கூட்டி ஏழு இரவாக்குங்கள்.

தலைவலியோடு வாந்தி உணர்வோ, களைப்போ, தலைசுற்றலோ சேர்ந்தால் உயர நோய் என்றே கொள்ளுங்கள். அன்று மேலே ஏறக் கூடாது. ஒரு கோட்டில் குதிகால் நுனிக்கால் தொட்டு நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வந்தால், இரவென்று பார்க்காமல் உடனே இறக்க வேண்டும். கூட ஒருவர் போயாக வேண்டும், தனியாக அனுப்பாதீர்கள்.

உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை 125 மி.கி காலை, இரவு, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுப்பது வழக்கம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. உங்கள் மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே வீட்டில் இரண்டு நாள் எடுத்துப் பாருங்கள். விரல் நுனியில் கூச்சமும் அடிக்கடி சிறுநீரும் வரும், அதைக் கண்டு மலையில் பயப்பட வேண்டாம். தூக்க மாத்திரையும் மதுவும் தவிர்க்க வேண்டும், இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும்.

கரடிக் காயத்துக்காக: 10 செ.மீ அகலக் க்ரேப் கட்டு நான்கு, கிருமி நீக்கிய பெரிய பஞ்சு அட்டை ஆறு, கையுறை, கத்தரி. தலைத்தோலில் இரத்தம் பயமுறுத்தும் அளவுக்கு வரும். பத்து நிமிடம் திறந்து பார்க்காமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நிற்கும். தோல் கிழிந்து தொங்கினால் வெட்டாதீர்கள், அதன் இடத்தில் வைத்துக் கட்டுங்கள். காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநாய்க்கடி ஊசியும் டெட்டனஸும் போட வேண்டும். நாய்க்கடிக்கும் இதேதான். டெட்டனஸ் ஊசியை இங்கேயே போட்டுக்கொண்டு போங்கள்.

தண்ணீர்: 2,000 மீட்டருக்கு மேல் தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். குளோரின் மாத்திரை என்றால், பனிநீரில் அட்டையில் போட்டிருக்கும் நேரத்தை இரண்டு மடங்காக்குங்கள்.

வில்லியனூர்_வெயில்

செயற்கைக்கோள் வழியா செய்தி அனுப்புற சின்னக் கருவி ஒண்ணு உறவினர்கிட்ட வெளிநாட்டுல இருக்கு. வாங்கிட்டு வரவா?

செஞ்சிப்படி

வேண்டாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் கைப்பேசியோ அந்த வகைக் கருவியோ வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். மாற்று ஏற்பாடு இதுதான்: பாதை, முகாம், திரும்பும் தேதி எழுதிய தாள் ஒன்று வீட்டிலும், ஒன்று சாய் ரோபா வன அலுவலகத்திலும், ஒன்று குஷைனியில் தங்கும் விடுதியிலும் கொடுத்துவிடுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குள் வராவிட்டால் தேட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அவசரமானால் வேகமாக நடக்கும் சுமைக்காரர் ஒருவர் செய்தியோடு கீழே ஓட வேண்டும். அதற்கான கூலியையும் முன்பே பேசி வையுங்கள்.

அனுமதிச் சீட்டை வனத்துறையிடம்தான் வாங்க வேண்டும். டெல்லி–மணாலிப் பேருந்தில் அவுட் என்ற இடத்தில் இறங்கினால் பஞ்சார் வழியாகக் குஷைனிக்கு வண்டி கிடைக்கும். நேராக மணாலிக்குச் சீட்டு எடுத்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்.

பயிற்சி: வெள்ளிக் கடற்கரை மணலில் நடப்பது கெண்டைக்காலுக்கு நல்லது, ஆனால் இறங்கும் பழக்கத்தைத் தராது. மலையில் முழங்காலை உடைப்பது இறக்கம்தான். செஞ்சி ராஜகிரிக்கு ஞாயிறுதோறும் போங்கள், அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 800 அடி. முதல் வாரம் பையில்லாமல் ஒருமுறை; எட்டாவது வாரத்துக்குள் 10 கிலோவோடு இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். சுமைக்குத் தண்ணீர் பாட்டில்களையே வையுங்கள், முழங்கால் வலித்தால் உச்சியில் கொட்டிவிட்டு இறங்கலாம். வார நாளில் வீட்டு மாடிப்படி முப்பது நிமிடம், இறங்கும்போது மெதுவாக. போகும் காலணியையே இந்த எட்டு வாரமும் போடுங்கள். ஆகஸ்ட் வெயிலில் பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும், பாறை சுடும்.

சில்வர்பீச்_நடை

எல்லாருக்கும் நன்றி. மாத்தின பட்டியல்: ஓய்வு நாளோட ஏழு இரவு. அரிசி 2 கிலோ, மிச்சம் அவல், சேமியா, சேவை. ஒரு நாள் கூடினதால மொத்தம் 21 கிலோ. கருவாடு கிடையாது. புது டிரம் 20 லிட்டர் ரெண்டு. கயிறு ரெண்டு. எரிவாயு நாலு உருளை டெல்லியில. ஸ்ப்ரே, வெடி, செயற்கைக்கோள் கருவி எதுவும் இல்லை. குப்பைக்குத் தடிச்ச பை நாலு, எல்லாம் திரும்பக் கீழ வரும். சமைக்கும்போது போடுற சட்டை தனி, அது ராத்திரி டிரம் பக்கத்துலயே இருக்கும். பல் பசை, சோப்பு, தைலம் மூணும் கழுவுற பையில, அது கூடாரத்துல.

பாகூர்க்காரி

கடைசி வரியை மாத்துங்க தம்பி. பல் பசையும் சோப்பும் தைலமும் கரடிக்குச் சாப்பாடு மாதிரிதான், டிரம்முக்குள்ள போகணும். 21 கிலோன்னா டிரம் ஏற்கெனவே விளிம்பு வரைக்கும் நிறையும். முதல் நாள் சாப்பாட்டைக் குஷைனியிலயே முடிச்சுட்டுக் கிளம்புங்க, அந்த இடத்துல கழுவுற பை உக்காந்துடும்.